பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு

"பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடப்பதாவது!" என்ற வாக்கியத்தை இதுவரை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. சொல்கிறவர் அநேகமாக ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பார். சொல்லும்போது குரலில் ஒரு பொறுப்புத் தொனிக்கும். குடும்ப பாரம் முழுவதையும் தம் தோளில் ஏற்றிக்கொண்ட பாவனை முகத்தில் படரும். அடுத்த வாக்கியம் தயாராக நிற்கும்: "பேசாமல் ஒரு வண்டி வைத்துக்கொண்டு விடுவோம்."

இந்த இரண்டு வாக்கியங்களின் மேலும் எனக்கு வெகு காலமாகக் கோபம். முதலாவது பொய், இரண்டாவது அந்தப் பொய்யை வைத்து நடக்கும் வியாபாரம்.

கன்னியாகுமரியையே எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கம் கடலும், பின்புறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வால் நுனியும் ஒரே நாளில் கால்நடையாகப் பார்க்கும் தூரத்தில் அமைந்த ஊர் வேறு எங்கே இருக்கிறது? அங்கே வருகிற குடும்பம் என்ன செய்கிறது? விடியற்காலை விடுதி மாடியிலிருந்து சூரியோதயம். பிறகு படகுக்கு வரிசை. 1970-ல் எழுந்த விவேகானந்தர் மண்டபம், 2000-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பர் முப்பதாம் தேதி திறந்த கண்ணாடிப் பாலம். பிற்பாடு வண்டியில் ஏறினால் சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, நடுவில் ஒரு சாப்பாடு. சாயங்காலம் சூரியாஸ்தமனத்துக்குள் திரும்பிவிட வேண்டுமென்று டிரைவரைப் பறக்க அடிப்பார்கள். அன்றைய தினம் அந்தக் குடும்பம் நடந்த நடை என்று பார்த்தால் பாலத்தின் 77 மீட்டர்தான். பாலத்தை நான் குறை சொல்லவில்லை. கண்ணாடிக்குக் கீழே அலை புரள்வதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நடப்பதற்கென்று சீட்டு வாங்கிக்கொண்டு 77 மீட்டர் நடந்துவிட்டு, "அப்பாடா, கால் விட்டுப் போச்சு" என்று வண்டியில் விழுகிற குடும்பத்தைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

போன தை மாதம் நாங்கள் ஏழு பேர் வண்டி வைத்துக்கொள்ளாமல் ஒரு நாளைக் கழித்தோம். நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், அக்காள், அத்தான், அவர்களுடைய பையன், என் தமையனாரின் மனைவியான மதினி. மதினிக்கு அறுபத்து நான்கு வயது. முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள்ளாத ராத்திரி கிடையாது. திட்டம் சாதாரணமானது. கிழக்கே வட்டக்கோட்டைக் கடற்கரையில் சூரியனைப் பார்த்துவிட்டுக் கொட்டாரம் வழியாகப் பொற்றையடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடப்பது. அங்கே மருந்துவாழ் மலையில் ஏறி இறங்குவது. இளைப்பாறிவிட்டு அகஸ்தீஸ்வரம் பக்கமாகத் தெற்கே இறங்கி, முட்டப்பதியில் மறுபக்கத்துக் கடலைப் பார்ப்பது. ஒரு கடலில் உதித்த சூரியன் இன்னொரு கடலில் விழுவதற்குள் இடையிலுள்ள மலையையும் பார்த்துவிடலாம். அவ்வளவுதான்.

எதிர்ப்பு விடுதியிலேயே ஆரம்பமாகிவிட்டது. விடுதி மானேஜர் நல்ல மனிதர். "சார், ஃபேமிலியோட நடந்து போறீங்களா?" என்று கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பார்வை கடைசியில் என் செருப்பில் போய் நின்றது. இந்த ஆசாமிக்கு வண்டிக்குக் கொடுக்க வகையில்லை போலும் என்று அவர் நினைத்தது நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. மத்தியதர வர்க்கத்தாராகிய நம்முடைய உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். கால் வலியைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலை இல்லை. தனியாக ஒருவன் நடந்தால் 'வாக்கிங்', டாக்டர் சொல்லியிருப்பார். குடும்பமே நடந்தால் கஷ்டப்பட்ட குடும்பம். மகளை மணம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்!

அத்தானின் ஆட்சேபம் வேறு ரகம். "மாப்ளே, நீயும் நானும்னா சரி. பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டுப் பாறையிலே ஏறுறதா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். அத்தான் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். முப்பத்தைந்து வருஷமாக வீட்டிலிருந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டரிலிருந்து நாற்காலி என்று வாழ்ந்தவர். அக்காளோ அந்த முப்பத்தைந்து வருஷமும் மாடிப் படியிலும் கிணற்றடியிலும் காய்கறிச் சந்தையிலும் நடந்துகொண்டே இருந்தவள். இவர்கள் இருவரில் யாருடைய காலுக்கு யார் ஜாமீன் கொடுப்பது என்று கேட்டால் பதில் சுலபம். ஆனால் கேட்பாரில்லை.

வட்டக்கோட்டைக் கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே நாங்கள் போய்விட்டதால் மதிலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்தோம். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ராஜ்யத்துக்காக இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவர் டிலனாய். 1741-ல் குளச்சல் யுத்தத்தில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர். பிறகு அதே மகாராஜாவுக்குத் தளபதியாகிவிட்டார். உதயகிரிக் கோட்டையில் மனைவி, மகன் சமாதிகளோடு அவருடைய சமாதியும் இருக்கிறது. யுத்தத்துக்கு வந்தவனே கடைசியில் குடும்பத்தோடுதான் இந்த மண்ணில் தங்கியிருக்கிறான். வேடிக்கை பார்க்க வருகிற நாம் குடும்பத்தைச் சுமை என்கிறோம்.

கோட்டைச் சுவரின் கருங்கல் மேல் முதல் வெயில் விழுந்தபோது என் மகள் ஒன்று கேட்டாள்: "அப்பா, இந்த மணல் ஏன் கறுப்பா மின்னுது?" அந்தக் கரையோர மணலில் கனிமங்கள் கலந்திருக்கின்றன; மணவாளக்குறிச்சியில் அவற்றைப் பிரித்தெடுக்கத் தொழிற்சாலையே இருக்கிறது. நான் சொன்னேன். ஆனால் அவள் கேட்டதற்குக் காரணம், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் அரை மணி நேரம் நடந்தது. வண்டியில் வந்திருந்தால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறியிருப்பாள். கேள்வி பிறந்திருக்காது.

இப்போது என் சொந்தத் தொழிலையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். பெண்டு பிள்ளைகளால் நடக்க முடியாது என்ற பொய்யை வளர்த்ததில் வண்டிக்காரரையும் உத்தியோகஸ்தரையும் விடக் கதை எழுதுகிறவர்களுக்குப் பங்கு அதிகம். நம்முடைய நாவல்களைப் புரட்டிப் பாருங்கள். கடற்கரையில் நடப்பவன் கதாநாயகன். தனியாக நடப்பான், தலைமயிர் காற்றில் பறக்கும், வாழ்க்கையைப் பற்றி யோசிப்பான். கதாநாயகி எங்கே? வீட்டு ஜன்னலில், அல்லது கோவில் பிராகாரத்தில். பிராகாரத்தைத் தாண்டி நாலு பர்லாங்கு நடந்துவிட்டாளானால் ஏதோ விபரீதம் என்று வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். மலை ஏறுகிறவன் சந்நியாசி, அல்லது சந்நியாசி ஆகப் போகிறவன். குடும்பத்தைக் கீழே விட்டால்தான் மேலே போகலாம் என்பது நாம் கேட்காமலே எழுதி வைத்த சட்டம். பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். மனைவி முதல் பக்கத்தில் புளியோதரை கட்டிக் கொடுப்பாள், கடைசிப் பக்கத்தில் "வந்துவிட்டீர்களா?" என்று கதவைத் திறப்பாள்.

இத்தனைக்கும் நமது முதற்காப்பியத்தின் நாயகி யார்? புகாரிலிருந்து மதுரை வரை கால்நடையாக வந்தவள். கூட வந்தவர்கள் கணவனும், வழியில் சேர்ந்துகொண்ட கவுந்தியடிகள் என்ற மூதாட்டியும். புகாரை விட்டுச் சிறிது தூரம் வருவதற்குள் மதுரை எங்கே இருக்கிறது என்று கண்ணகி கேட்கிறாள். கோவலன் தூரத்தைச் சொல்லி, கூடவே பக்கந்தான் என்றும் சமாதானம் சொல்கிறான். நடந்து போகும் குடும்பத்தில் இன்றைக்கும் நடக்கிற சம்பாஷணை அது. இளங்கோவடிகளுக்கு மனைவியை நடக்க வைப்பதில் கூச்சம் இல்லை. அவள் கணவனை இழந்த பிறகும் நடந்து சேரநாட்டு மலை வரைக்கும் போகிறாள். காரைக்கால் அம்மையாரோ கயிலைக்குத் தலையாலேயே நடந்தார் என்கிறது புராணம். இப்படிப்பட்ட முன்னோர்களை வைத்துக்கொண்டு நாம் கதாநாயகியை ஜன்னலில் நிறுத்தியிருக்கிறோம்.

காப்பியத்தை விடுங்கள். நாங்கள் நடந்த அந்தப் பிரதேசத்தில் நடப்பது என்பது வேடிக்கைப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை அது திருவிதாங்கூரைச் சேர்ந்த பூமி. அந்த ராஜ்யத்தில் எந்தச் சாதிக்காரன் எந்த வீதியில் நடக்கலாம் என்பதற்கு விதி இருந்தது. எந்தச் சாதிப் பெண் மார்பை மூடலாம் என்பதற்கும் விதி இருந்தது. நாடார் பெண்கள் போராடி, 1859-ல் அரசு உத்தரவு பிறந்த பிறகுதான் அது தளர்ந்தது. 1924-ல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகத்தின் கோரிக்கை என்ன? கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க விட வேண்டும் என்பதுதான். 1926-ல் சுசீந்திரத்திலும் அதே கோரிக்கை எழுந்தது. வைக்கத்தில் பெரியார் சிறைக்குப் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் அந்தப் போராட்டத்தில் இறங்கினார்கள் என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடப்பதாவது என்று ஈரோட்டில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் அந்த அம்மாள்கள் கேட்கவில்லை. இப்படி அடிபட்டுச் சிறைப்பட்டு வாங்கிய தெருவில் நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குளிர்சாதன வண்டியில் போகிறோம்.

கொட்டாரத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. அக்காள் பின்தங்கினாள். மதினி ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தானுக்கு அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "பாத்தியா மாப்ளே! நான் அப்பவே சொன்னேன்லா? அதுக்குள்ளே சோந்துட்டாங்க" என்றார்.

மதினி சோர்ந்திருந்தது வாஸ்தவம். காரணம்தான் வேறு. காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அக்காளும் குடிக்கவில்லை. விடுதியில் கொடுத்த காப்பியைக்கூட இரண்டு பேரும் பாதியில் வைத்துவிட்டார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயம். எனக்கு இது புதிய செய்தி அல்ல. என் தாயார் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ் ஏறுகிற நாளில் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள். நாட்டில் வெளியூர் கிளம்புகிற பெண்கள் பாதிப் பேர் தாகத்தோடுதான் கிளம்புகிறார்கள். அந்தத் தாகத்தால் வருகிற தலைச்சுற்றலைப் பார்த்து, "பெண்களுக்கு நடக்கத் தெம்பு இல்லை" என்று ஆண்கள் தீர்ப்பு எழுதுகிறார்கள்! அத்தான் அன்று காலையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரும் ஓர் இளநீரும் குடித்திருந்தார். வேண்டிய இடத்தில் தென்னந்தோப்புப் பக்கமாக ஒதுங்கிவிட்டும் வந்திருந்தார். அதே கணக்கை மதினிக்கும் கொடுத்துவிட்டு, அப்புறம் யாருக்குத் தெம்பு என்று பேசட்டும்.

இந்தச் சங்கடம் தெரிந்ததால்தான் நான் முதல் நாளே பஸ்ஸில் போய்ப் பொற்றையடியில் ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். முன்பின் தெரியாத வீடு. வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "கூட்டிக்கிட்டு வாங்க. இதுக்கு என்ன?" என்றாள். மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்ததும் எங்கள் பெண்களை உள்ளே அழைத்துப் போனாள். பத்து நிமிஷம் கழித்து வந்த மதினி ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அதன் பிறகு அவள் நடந்த நடையை அத்தானால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

மருந்துவாழ் மலையில் கொஞ்ச தூரம் படி இருக்கிறது. பிறகு பாறையும் புதருமான பாதை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் சிந்திய துண்டு என்று ஊரார் சொல்வார்கள். சிந்தியதோ இல்லையோ, செடி கொடிக்குக் குறைவில்லை. எனக்குப் பச்சையாக ஒரு காடு தெரிந்த இடத்தில் மதினிக்கு ஆவாரை தெரிந்தது, ஆடாதோடை தெரிந்தது, நொச்சி தெரிந்தது. எது சளிக்கு, எது வீக்கத்துக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஏறினாள். நாற்பது வருஷம் அவளை அறிவேன். அவளுக்கு இத்தனை மூலிகை தெரியும் என்பதைச் சொல்ல எங்கள் வீட்டுச் சமையலறையில் சந்தர்ப்பமே வந்ததில்லை. அவள் சொன்ன இலையைக் கசக்கி மோந்து பார்த்து, அக்காள் மகன் முதல் தடவையாகச் செல்பேசியைப் பைக்குள் போட்டான்.

நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை அந்த மலையில்தான் இருக்கிறது. குகைக்கு வெளியே நின்றபோது அத்தான், "இதெல்லாம் தனியா வந்து உக்கார வேண்டிய இடம், மாப்ளே. குடும்பத்தோட வந்தா என்ன சாந்தி கெடைக்கும்?" என்றார். மூச்சு வாங்கினாலும் தத்துவத்தை விடவில்லை. குரு பெரியவர்; அவர் தனியாக உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. கீழே இறங்கி, 1888-ல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்து, கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்களை உள்ளே அழைத்தார். மலைக்குப் போனதன் பலன் அவருக்கு இறங்கி வந்து ஜனங்களோடு சேர்ந்ததில் இருந்தது. தவம் செய்யாத நம்மைப் போன்றவர்கள் குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டு மேலே போய் என்ன சாந்தியைக் காணப் போகிறோம்? செல்பேசியில் சிக்னல் வருகிறதா என்றுதான் பார்க்கப் போகிறோம்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் வெள்ளைக் குச்சிகளாகச் சுழன்றுகொண்டிருந்தன. கீழே நாஞ்சில் நாட்டு வயலும் குளமும் தென்னையும். கிழக்கே காலையில் விட்டு வந்த கடல். தெற்கே சாயங்காலம் போக வேண்டிய கடல். குமரி முனையில் வள்ளுவர் ஒரு புள்ளியாக நின்றார். காலையிலிருந்து தான் நடந்த வழியை விரலால் கோடு போட்டுப் பார்த்தாள் என் மகள். பிறகு மதினியிடம், "பெரியம்மா, அவ்வளவு தூரத்துல இருந்தா நடந்து வந்தோம்?" என்றாள். மதினி பதில் சொல்லாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று அங்கே நின்ற நிலையை நான் எழுதிக் காட்ட முயலப் போவதில்லை.

"எல்லோராலும் முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாதுதான். நோயாளிகள் இருக்கிறார்கள், நடக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வண்டி வேண்டும், நன்றாக வேண்டும். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நாற்பது வயதில் தொந்தியோடு வண்டிக்குள் ஏறுகிற கனவான்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவர்கள் ஒருநாள் விடியற்காலையில் எந்தக் கடற்கரைக் கிராமத்துக்காவது போய்ப் பார்க்கட்டும். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு நடக்கிற பெண்ணுக்கு வயது என்ன என்று கேட்கட்டும். அவளுக்குத் தெம்பு இருக்கிறதா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. பெண்களால் நடக்க முடியாது என்கிற கரிசனம், கையில் கொஞ்சம் காசு சேர்ந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் கிடைக்கிற பரிசு.

நான் கேட்பது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. மலைக்கு ரோடு போட வேண்டாம். கம்பியில் தொங்கும் வண்டி வேண்டாம். உல்லாசப் பிரயாணத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு துளியை எடுத்து, மூன்று நாலு கிலோமீட்டருக்கு ஒன்றாக, உள்ளே தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற ஓர் அறை கட்டி வைக்கட்டும். நாங்கள் போன வழியில் எங்கள் கண்ணில் அப்படி ஒன்று படவில்லை. பக்கத்தில் ஒரு நிழல் மரம், ஒரு திண்ணை. ரோட்டு ஓரத்தில் லாரிக்குப் பயப்படாமல் இரண்டு பேர் சேர்ந்து நடக்க ஒரு பாதை. அந்தக் காலத்து ராஜாக்கள் சாவடியும் சுமைதாங்கியும் கட்டி வைத்தது நடக்கிறவர்கள் இருந்ததனால்தான். "கட்டினால் யார் வரப் போகிறார்கள்?" என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். தண்ணீர் குடிக்கத் தைரியம் வந்தால் வருவார்கள்.

முட்டப்பதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. அய்யா வைகுண்டரின் பதிகளில் ஒன்று அது. தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னவர் அவர். அங்கும் ஒரு வீட்டில் கேட்டோம். அங்கும் கதவைத் திறந்தார்கள். அத்தான் மணலில் மல்லாந்து படுத்துவிட்டார். மதினி முழங்கால் வரை புடவையை நனைய விட்டுக்கொண்டு அலையில் நின்றாள். இப்போதும் அத்தான் தம் கட்சியை விடவில்லை. "உன் மதினி ஒரு ஸ்பெஷல் கேஸ். அவளை வச்சு ஊருக்குச் சட்டம் பேசாதே" என்கிறார். அக்காள் என்ன ஆனாள், என் மனைவி என்ன ஆனாள் என்று கேட்டால் அவர்களும் ஸ்பெஷல் கேஸ் என்கிறார்.

வருகிற தை மாதம் பொதிகை அடிவாரத்தில், பாபநாசத்திலிருந்து ஒரு நாள் நடப்பதாகப் பேச்சு. வழியில் எந்த ஊரில் யார் வீட்டில் கேட்கலாம் என்று மதினி இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் வண்டியில் முன்னால் போய்ச் சாப்பாட்டோடு காத்திருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.